ஈரத் துண்டு

தச்சர் ஈரத் துண்டை மெத்தை மேல் போட்டார். வேண்டுமென்றேதான் போட்டார்.

போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு ஐம்பது.

அப்புறம் கதவோரம் போய், திட்டு வாங்கத் தயாராக நின்றுகொண்டார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அதில் ஈரத் துண்டுக்காக மட்டும் அவர் வாங்கிய திட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கூரை இடிக்கும். மனைவி தையல்காரி. அவளுக்கு அவர் வைத்த பெயர் மெயில் வண்டி. கிளம்பிவிட்டால் சின்ன ஸ்டேஷனில் எல்லாம் நிற்காது.

அந்த வீட்டில் திட்டு வாங்குவதற்குச் சில விதிகள் உண்டு. திட்டு நடக்கும்போது முதுகைக் காட்டக் கூடாது. கண்ணை மூடுவது மகா குற்றம். விளக்கை அணைத்துவிட்டால் அன்றைய சண்டை அத்தோடு முடிந்தது.

அப்படிப்பட்டவள், போன மழைக்காலத்தில் ஒருநாள், காலை நேரத்துத் திட்டை மட்டும் நிறுத்திவிட்டாள்.

துண்டைப் பார்ப்பாள். முறைப்பாள். போய்விடுவாள்.

தச்சருக்கு வாயெல்லாம் பல். வயதானால் அறிவு வரும் என்பார்களே, வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தார்.

ஆனால் பத்து மணிக்குப் பின்கட்டுப் பட்டறைக்கு டீ கொண்டுவந்து வைப்பாள் பாருங்கள், அப்போது காலைப் பாக்கி மொத்தமும் சேர்ந்து தலையில் விழும். வந்த அறிவு பத்து மணிக்குத் திரும்பிப் போய்விடுமா என்ன?

அதுதான் அவரை உறுத்தியது. மழைக்காலத்தில் கதவுகள் காலையில் இறுகி நிற்கும், வெயில் ஏறினால் தானாக இளகும். அது அவருக்குக் கை வந்த பாடம்.

அன்றிலிருந்து மனைவியைக் கவனிக்க ஆரம்பித்தார்.

ஜாடியைத் திறக்கச் சொல்லி அவரிடம் நீட்டினாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாள். எழுந்ததும் முதல் வேலையாக வெந்நீர்ப் பாத்திரத்தில் கைகளை விட்டுக்கொண்டு நின்றாள். மோதிரம் விரலைவிட்டுக் கழுத்துச் சங்கிலிக்குக் குடிபோயிருந்தது. விரல் கணுக்கள் இரண்டு கையிலும் ஒரே இடத்தில், அளவெடுத்துச் செய்த ஜோடி போல வீங்கியிருந்தன.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். இதுக்குப் போய் டாக்டரா?" என்று தட்டிக் கழித்தாள்.

அவர் விடவில்லை. பட்டறையைப் பூட்டினார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளை வரவழைத்தார். டாக்டர் அறையில் மகள் வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் கடத்தினாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு வாதம், இப்போதுதான் ஆரம்பம் என்றார் டாக்டரம்மா.

"நிறையப் பேர் விரல் கோணின பிறகுதான் வர்றாங்க. நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?"

காலையில் திட்டு வரவில்லை என்பது தச்சரின் பதில். மகள் சிரித்துக்கொண்டே அதைச் சொல்ல, டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

மருந்து வேலை செய்ய மாதக் கணக்காகும், காலையில் விரல்கள் இளக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மனைவியைக் கேட்டால் எந்த நாளும் 'பரவாயில்லை'தான். அதை நம்பி எதைக் குறிப்பது? தச்சர் தனக்குத் தெரிந்த வழியில் அளந்தார். தினமும் ஆறு ஐம்பதுக்கு மெத்தை மேல் துண்டு. முதல் திட்டு வந்த நேரம், அலமாரிக் கதவின் உட்புறத்தில் தச்சுப் பென்சிலால்.

பத்து. பத்து. ஒன்பதே முக்கால்.

நடுவில் ஒரு வாரம் மறுபடியும் பத்து. அந்த வாரம் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இந்த மருந்து கேட்காவிட்டால் மிச்ச வாழ்நாளை யாரோடு பேசிக் கழிப்பது என்று பயந்து போனார்.

பிறகு ஒன்பது. எட்டரை. நேற்று ஏழே கால்.

இன்று மணி ஆறு ஐம்பத்து நான்கு. மனைவி டீ டம்ளரோடு உள்ளே வந்தாள்.

துண்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

டம்ளரை மேஜை மேல் வைத்தாள்.

தச்சர் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது.

"வேணும்னேதான் போடுறீங்கன்னு எனக்குத் தெரியாதா? இதுல அலமாரி பூரா பென்சில் கிறுக்கல் வேற!"

துண்டில் தொடங்கி, மெத்தை, மரத்தூள், அவருடைய அக்கா, கல்யாணப் போட்டோவில் அவர் உம்மென்று நின்றது வரைக்கும், இன்றைக்கு எல்லாச் சின்ன ஸ்டேஷனிலும் நின்று நிதானமாகப் போனது.

தச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கப் போனால் ஒரு வார்த்தை தப்பிவிடும் என்று அப்படியே நின்றார்.

மனைவியின் பத்து விரல்களும் மடங்கின, நிமிர்ந்தன, காற்றை வெட்டின, கடைசியில் ஒன்று மட்டும் அவர் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

விடுமுறைக்கு வந்திருந்த மகள் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா, அப்பா இரண்டு பேருக்குமே பிறவியிலேயே காது கேட்காத, பேச்செல்லாம் கைவிரலில் நடக்கும் அந்த வீட்டில், எந்தச் சண்டையும் ஒருநாளும் அவள் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.