வெள்ளைக் கல்லுக்கு நேராக

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஆளில்லாத டோரன் தீவில் கோடை முழுக்க மேய்ந்த ஆடுகளை ஏற்றிவர முர்டோ படகை மெல்ல ஓட்டுகிறான். முன்புறம் கயிற்றோடு அவன் மனைவி எஃபி. தீவென்றால் ஒரே ஒரு மேடு, அதன் உச்சியில் ஒரு பிளவு, சுற்றிலும் செங்குத்தான கரும்பாறை. கிழக்கே மட்டும் படகு நுழைய ஒரு சந்து உண்டு; அதன் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் பாறைகள். சரிவில் கிடக்கும் வெள்ளைக் கல்லை உச்சிப் பிளவுக்கு நேராக வைத்துப் போனால் படகு தப்பும். "இடது பக்கமா ஒதுங்குற மாதிரி இல்ல?" என்கிறாள் எஃபி. "கல்லும் பிளவும் நேராத்தானே இருக்கு? எங்கப்பா காட்டின குறி. நீ கயித்தப் பாரு." எஃபி சரிவையே பார்க்கிறாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொல்கிறாள்: "முர்டோ, உங்கப்பாவோட கல்லு புல்லு மேயுது." வெள்ளைக் கல் தலையைத் தூக்கி நாலடி நடக்கிறது. எஞ்சின் பின்னோக்கி உறுமுகிறது. பழுப்புக் கடற்பாசிக்குள் ஒரு பாறை முனை, கைக்கு எட்டும் ஆழத்தில், படகை உரசாமல் விலகிப்போகிறது. மேக நிழல் நகர, வலப்பக்கம் தள்ளி நிஜக் கல் வெளுக்கிறது. முர்டோ படகை அதற்கு நேராகத் திருப்புகிறான். படகு சந்துக்குள் நுழைகிறது. மேலே ஆடு அசைபோட்டபடி இவர்களையே பார்க்கிறது. "அந்தக் கல்ல மொதல்ல ஏத்து," என்கிறான்.