சம்மதம் தராதவள்

தணிகாசலத்தின் மூக்குக்கண்ணாடியில் இருந்த கேமரா ஒன்பது வருடமாக அவர் பார்த்ததையெல்லாம் பதிவு செய்தது. சம்மதம் தராதவர்களை மட்டும் அதுவே கறுப்பு உருவமாக்கிவிடும். "என்னை எடுக்காதீங்க" என்று மனைவி கோமளா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அவர் திடீரென இறந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் கடைசிப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினார். சமையலறையில் ஒரு கறுப்பு உருவம் எதையும் தேடாமல் டம்ளரை எடுத்து, தண்ணீர் பிடித்து வந்து நீட்டியது. டம்ளர் நெருங்கியது, பிறகு கூடத்து மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"இது நீங்கதானேம்மா?"

"நேத்து நான் மதுரையில இருந்தேன் சார்."

உருவம் நிதானமாகக் குனிந்து, அவர் கண்ணாடியைக் கழற்றி, கோமளா தினமும் வைக்கும் அதே ஜன்னலோரத்தில் வைத்தது.

கோமளா நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டாள்.

"ஒன்பது வருசத்தையும் போடுங்க சார். இதுல எது நான்னு பாக்கணும்."