வெயில் தின்ற பச்சை

சிவகாசி மை ஆலையில் ஒளிரும் மைகளை உருவாக்குபவள் பூங்கோதை. ஊரில் எல்லோரும் கழுத்தில் மாட்டியிருக்கும் மருத்துவ அட்டையில் அவளுடைய மை அச்சாகியிருக்கும். அது ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால்தான் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். செலவைக் குறைக்க மேலாளர் ஞானராஜ் வாங்கிப்போட்ட மலிவு நிறமி வெயிலில் வெளுத்துவிடும் என்று அவரிடம் அவள் சண்டையே போட்டிருந்தாள்.

"அப்ப நிழல்ல நிக்கச் சொல்லும்மா" என்று அவர் சிரித்தார்.

உப்பளத்தில் வேலை பார்த்த அவள் அண்ணனின் அட்டை ஒளிரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, திறக்காத கதவின் முன்னாலேயே செத்துப்போனான்.

காரியம் முடிந்து வந்தவள் ஞானராஜின் அட்டையைப் பிடுங்கினாள். ஒரு வருட வெயிலை ஒரே பகலில் அடிக்கும் சோதனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

"ஐயோ, எனக்கு நெஞ்சுவலி வந்தா என்னம்மா செய்றது?" என்று அலறினார்.

"எங்கண்ணனும் அந்தக் கதவுகிட்ட அதைத்தான் கேட்டான்" என்றபடி சுவிட்சைப் போட்டாள்.