வலது கைப்பக்கம்

“இடது ஓரமாக முன்னேறி வருகிறார் இருதயம். எதிரே தடுப்பு எதுவும் இல்லை. இன்னும் நூறு கஜம்தான். எண்பது… அறுபது… உள்ளே வந்துவிட்டார்.”

பர்னபாஸின் குரல் ஒலிபெருக்கி வழியாகப் பெரியதாழை முழுக்கக் கேட்டது. யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண் மட்டும் மணலில் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே வந்தது பந்து அல்ல, அவள் புருஷனின் கட்டுமரம்.

தன் குடும்பத்தில் கடல் தொழிலுக்குப் போகாதவர் பர்னபாஸ் மட்டும்தான். மகன்கூடக் கட்டுமரம் ஏறுகிறவன். தூத்துக்குடி துறைமுகத்தில் குமாஸ்தா. வானொலியில் கால்பந்து வர்ணனை சொல்ல வேண்டும் என்று அப்படியொரு ஆசை. குரல் தேர்வுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் தோற்றுத் திரும்பியிருந்தார். தமிழும் வேகமும் நன்றாக இருக்கின்றன, ஆனால் குரலைக் கேட்டதுமே நீங்கள் எந்த அணியின் ஆள் என்று தெரிந்துவிடுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எட்டு மாதமாக, ஊருக்கு வரும்போதெல்லாம் கோயில் மணிக்கூண்டில் ஏறிவிடுவார். பைனாகுலரில் பார்த்தபடி, கரைக்கு வரும் கட்டுமரங்களை வைத்துத் தனக்குத்தானே வர்ணனை சொல்லிப் பழகுவார். பெயர், திசை, தூரம். குரல் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முதலிலிருந்து தொடங்குவார். ஊரே பார்த்துச் சிரித்தது.

இன்று யாரும் சிரிக்கவில்லை. ஆடிக் காற்று திடீரென்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வெறிகொண்டு வீசியது. திருவிழாவுக்குக் கட்டிய மைக் செட் மணிக்கூண்டில் இருந்தது. பங்குச்சாமியாரே அதைப் போடச் சொல்லி அவரை மேலே அனுப்பினார்.

பர்னபாஸின் மனைவி ஞானசௌந்தரியின் தம்பி ரோச், நாலு பேரோடு ஒரு வள்ளத்தை எடுத்துக்கொண்டு மீட்கப் போயிருந்தான். பனை உயர அலைக்குள் அவனுக்கு எதுவும் தெரியாது. மேலே இருந்து அத்தான் சொல்வதுதான் அவனுக்குக் கண்.

நாலு மரம் வந்துவிட்டது. இன்னும் மூன்று மரமும் கஸ்பாரின் வள்ளமும் வரவில்லை. கரையில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். அவர்கள் நடுவில் ஞானசௌந்தரியும் நின்றாள்.

“கஸ்பாரின் வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. ரோச்சுக்கு இடது கைப்பக்கம், இருநூறு கஜம். அதைப் பிடித்துக்கொண்டு கஸ்பாரும் இன்னாசியும் இருக்கிறார்கள். வள்ளம் முங்கிக்கொண்டிருக்கிறது.”

பைனாகுலர் மெல்ல வலப்புறம் திரும்பியது. குரல் ஒரு மூச்சு நேரம் நின்றது.

“வலது கைப்பக்கம், அதே இருநூறு கஜம். உடைந்த மரத்தின் கட்டை ஒன்றைப் பிடித்தபடி ஓர் ஆள்.”

கீழிருந்து பெண்கள் ஆர், ஆர் என்று கதறினார்கள். முகம் தெரியவில்லை என்றது ஒலிபெருக்கி.

ரோச்சின் வள்ளம் நடுவில் தத்தளித்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போக முடியாது.

“ரோச், இடது கைப்பக்கம் போ. அங்கே இரண்டு பேர்.”

வள்ளம் இடப்பக்கம் திரும்பியது. நூற்றைம்பது, நூறு, ஐம்பது என்று பர்னபாஸ் சொல்லிக்கொண்டே வந்தார். இன்னாசியைத் தூக்கினார்கள். கஸ்பாரைத் தூக்குவதற்குள் இரண்டு முறை அலை மூடியது. அவன் உள்ளே வந்து விழுந்தபோது கவிழ்ந்த வள்ளம் கண்ணில் படவில்லை.

“இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். இப்போது வலது கைப்பக்கம். முந்நூறு கஜம்.”

காற்று குரலைக் கொண்டு சேர்த்தது. அந்த ஆளையும் இழுத்துக்கொண்டு போனது. துடுப்பு போடப் போட தூரம் கூடியது. நானூறு கஜம் என்றார். நானூற்றைம்பது என்றார். அரிசி விலை வாசிப்பதுபோல் இந்த மனுசனால் எப்படிச் சொல்ல முடிகிறது என்று கரையில் ஒருத்தி அழுதுகொண்டே திட்டினாள்.

“கை ஒன்றை உயர்த்துகிறார். ரோச், நேரே போ. முந்நூறு… இருநூறு… நூறு கஜம். கட்டை தெரிகிறது. ஆள் தெரியவில்லை. கட்டைக்கு இடப்பக்கம் பார். வலப்பக்கம் பார். ரோச், இன்னொரு தடவை பார்.”

ரோச் கடலில் குதித்தான். மூன்றாவது முறை மூழ்கி எழும்பியபோதுதான் அவன் கையில் ஆள் இருந்தது.

வள்ளம் கரை தட்டியது. மீதி இரண்டு மரங்களும் பக்கத்து ஊரான மணப்பாட்டில் ஒதுங்கிவிட்டதாகச் சைக்கிளில் வந்த ஒருவன் சொன்னான். கஸ்பாரின் மனைவி புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியாக மணலில் கிடத்திய உடம்பை அமுக்கிப் பார்த்தார்கள், குப்புறப் போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூச்சு வரவில்லை.

ரோச் ஈரம் சொட்டச் சொட்ட மணிக்கூண்டில் ஏறினான். பர்னபாஸ் மைக்கைக் கீழே வைக்காமல், பைனாகுலரை வெறும் கடலின் மேல் வைத்தபடி நின்றார்.

ரோச் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “பெத்த மவன் முகமா அத்தான் ஒங்களுக்குத் தெரியாமப் போச்சி?”

பர்னபாஸ் மைக்கை அணைத்தார்.

“பேரச் சொல்லியிருந்தா நீ மொதல்ல அவன்கிட்டதானல போயிருப்ப.”