மகள் வாசிக்கிறாள்

டிவியில் மகளின் டிரம்ஸ் நிகழ்ச்சி தொடங்கப்போகிறது. அம்மாவோ ஸ்டீரியோவின் எச்.டி.எம்.ஐ. கேபிளோடு மல்லுக்கட்டினாள்.

"டிவி சத்தமே போதுமேக்கா?" என்றார், புதிதாய்க் குடிவந்த மாடிவீட்டுக்காரர்.

அவரைக் கூர்ந்து பார்த்தாள். "போதாது தம்பி. டிவி சத்தம் ஸ்டீரியோவுக்குப் போகணும்னா ஏ.ஆர்.சி.ன்னு போட்ட ஓட்டையில சொருகணும். எங்க வீட்டுக்காரரு பக்கத்து ஓட்டையில சொருகிட்டாரு."

மாற்றிச் சொருகினாள். மகளின் டிரம்ஸில் ஸ்டீரியோ அதிர்ந்தது. இரண்டு ஸ்பீக்கர்களையும் அருகில் இழுத்து, இடுப்புயரப் பெட்டிகள்மேல் பெட்டிக்கொரு கையை வைத்து உட்கார்ந்தாள்.

"பிரமாதம்க்கா!"

அவள் திரும்பவில்லை.

"முகத்தைப் பாத்தாத்தாங்க அவளுக்குப் பேச்சு புரியும். காது கேக்காது," என்றார் கணவர். "டிவியோட குட்டி ஸ்பீக்கர்ல கைக்கு ஒண்ணும் தெரியாது."



அவள் சட்டென்று கணவரிடம் கத்தினாள்: "அவசரப்படுறா பாருங்க, உங்க பொண்ணு!"

மாடிவீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஆமாம், தாளம் மயிரிழை முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது.