ஆஸ்பத்திரி வாசல் டூட்டி

“வியாழக்கிழமை லீவா? கிடையாது.”

சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தெரு பெருக்கும் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பேர் ‘விசில்’.

“மார்பில ஒரு கட்டி அக்கா. பெரியாஸ்பத்திரி டாக்டர் வியாழக்கிழமை காலையில மட்டும்தான் பார்க்கிறார். இதுக்கு மேல தள்ளிப்போடக் கூடாதுன்னுட்டார்.” லீவு கேட்டு வந்த துப்புரவுப் பெண் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள்.

“இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் போட்டுட்டே.”

“ஒரு நாள் டெஸ்ட் எடுக்க, ஒரு நாள் ரிசல்ட் வாங்கக்கா.”

“மூணாவது நாள் வரலேன்னா கான்ட்ராக்டர் உன் பேரை அடிச்சிடுவார். ரூல் என்ன நான் போட்டதா?”

விசில் சீட்டைப் படித்தாள். டூட்டி நோட்டைப் புரட்டி எழுதினாள்.

“வியாழன் உனக்குப் பெரியாஸ்பத்திரி வாசல். பத்து மணிக்கு அதிகாரி ரவுண்ட்ஸ் வருவார். வாசல்ல ஆள் இல்லேன்னா ஆப்சென்ட்.”

வெளியே வந்ததும் கூடப் பெருக்கும் தோழி பொரிந்து தள்ளினாள்.

“கல்நெஞ்சுக்காரி! வைத்தியம் இலவசம்தான், யாரு இல்லேங்கறா? நாம பெருக்குற நேரத்துலதானே அதையும் திறந்து வைக்கிறாங்க. வாசல் வரைக்கும் போவே, உள்ளே போக முடியாது. வேணும்னே போட்டிருக்காடி!”

வியாழக்கிழமை, ஒன்பதரை.

உள்ளே டோக்கன் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். இந்த வாரமும் விட்டுப்போனால்? கட்டி ஒரு நாளாவது லீவு போடுமா?

“என்ன, ஒரே இடத்தைத் தேய்ச்சுட்டிருக்கே?”

விசில்! தூக்கிவாரிப் போட்டது.

“இதோ... இதோ முடிச்சிடறேன்க்கா.”

“துடைப்பத்தைக் குடு. இந்தா டோக்கன், நாலாம் நம்பர். ஆறு மணிக்கே வரிசையில நின்னு வாங்கினேன். உள்ளே ஓடு.”

அவள் டோக்கனை வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

“அதிகாரி வருவாரேக்கா...”

“அவர் ஜீப்பை விட்டு இறங்கினதா சரித்திரமே இல்ல. ஆள் இருக்கான்னு பார்ப்பார். எந்த ஆள்னு என்னைக்குப் பார்த்தார்? முழிச்சுட்டு நிக்காதே, போ!”

விசில் பையிலிருந்து யூனிஃபார்ம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஏற்றிய கண்ணாடி இறங்கவில்லை. தன் பட்டியலில் ‘ஆஸ்பத்திரி வாசல்’ என்ற இடத்துக்கு நேராக அதிகாரி ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார்.