கிளிப்பின் கிள்ளல்

காலை பத்தரை மணிக்கு மொட்டைமாடிக் கொடியில் ஏழு துணிகள் காய்ந்தன. கடைசியில் தொங்கிய குழந்தைச் சட்டை சிட்டுவைப் பிடித்திருந்தது ஒரு பச்சைக் கிளிப். காற்று வலுக்க, கிளிப் இறுக்கியது.

"தோள்ல சுருக்குங்குதுண்ணே" என்றது சிட்டு.

கிளிப்புக்கு மனசு கேட்கவில்லை. பிடியைத் தளர்த்தியதும் சட்டை பாதி நழுவிற்று. கீழே சாக்கடை.

ஈரம் போக வெயிலில் கிடந்த ஆங்கில அகராதி சொன்னது: "அந்தச் சுருக்குங்கிற வலிக்கு எங்க ஊர்ல ட்விஞ்ஜ்னு பேரு. ஆதியில அதுக்குக் கிள்ளுறதுன்னுதான் அர்த்தம்."

"அப்போ அந்த வலியே நான்தானா?" கிளிப்பின் குரல் இறங்கிவிட்டது.

"ஆராய்ச்சி அப்புறம்ணே. கீழ விழுந்தா என்னைக் கரித்துணி ஆக்கிடுவாங்க. நல்லாக் கிள்ளுங்க" என்றது சிட்டு.

கிளிப் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளியது. மாலைவரை விடவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, அந்த வீட்டின் இரண்டாவது குழந்தைக்குச் சிட்டுவைப் போட்டுவிட்டார்கள்.